கம்பெனி பஸ் வருமுன் எடுத்த ஓட்டு

வட்டார மன்றத்தில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் செயலாளர்களுக்கும், சபை ஊழியத்துக்கு இப்போதுதான் வந்திருக்கும் இளையவர்களுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுவது எனக்குப் பழக்கமான வேலைதான். பதினான்கு வருஷம் கூட்டக் குறிப்பு எழுதியவன். ஆனால் கூட்டக் குறிப்பில் எழுதுகிறவன் தப்பு செய்ததாக ஒருநாளும் வராது. தப்பு செய்தவர் எப்போதும் ‘உறுப்பினர் ஒருவர்’தான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். யாரும் என்னை எங்கேயும் மாற்ற முடியாது. அதனால் என் தப்பு ஒன்றை என் பெயரிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறந்தது சிங்காரப்பேட்டை. எட்டாவது ஃபெயில். ரிசல்ட் வந்த வாரமே லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். ஆறு வருஷம் ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றினேன். படுக்கை டார்ப்பாய் மேல். பிறகு கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரியில் கம்ப்ரசர் பிடித்தேன். இடது காது அங்கே மந்தமாகிப் போனது. பின்னாளில் கமிட்டிக் கூட்டங்களில் அது பெரிய வசதியாக இருந்தது. பெங்களூரில் டைல்ஸ் இறக்கினேன். ஓசூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கி சர்ச் வராந்தாவில் நின்றபோது, உள்ளே வாங்க, பாய் காலியா இருக்கு என்று யாரோ சொன்னார்கள். அன்று உட்கார்ந்தவன்தான். மழையும் பாயும்தான் என்னை விசுவாசி ஆக்கின என்று சொன்னால் ஆயர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

தெலுங்கு லாரியில் கற்றது. கன்னடம் டைல்ஸோடு வந்தது. மூன்று பாஷை பேசுவான், மொபெட் ஓட்டுவான், எங்கே அனுப்பினாலும் சோறு தண்ணி கேட்காமல் போய்விட்டு வருவான் என்று பெயர் எடுத்தேன். முதலில் ஆயர் இல்லாத ஊர்களில் ஆராதனை நடத்துகிற உபதேசியார், அப்புறம் வட்டாரச் செயலாளர். நம் வட்டாரத்தில் ஒரே பாட்டை ஒரே ராகத்தில் மூன்று பாஷையில் ஒரே நேரத்தில் பாடுகிற சபைகள் உண்டு. முதலில் முடிக்கிறவர்கள் மற்றவர்களுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் படித்தவனைவிடச் சுற்றியவன்தான் உபயோகப்படுவான் என்று நினைத்தார்களோ என்னவோ.

சண்டை தீர்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்றும் ஒரு பெயர் உண்டு. அது ஜவளகிரிப் பக்கம் கிடைத்தது. கமிட்டி இரண்டாகப் பிரிந்து, இனி ஒரே கூரையின் கீழ் உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வெளியே போகக் கதவைத் திறந்தார்கள். ரோட்டில் மூன்று யானை. கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அதே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். யானை போவதற்குள் சமாதானம் ஆகிவிட்டது. நான் செய்தது ஒன்றுமில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதைத் தவிர. பிஷப்பின் பேராய அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் யானை இடம் பெறவில்லை.

இந்தப் பெயரோடுதான் நான் உத்தனப்பள்ளிக்கு இந்தப் பக்கம் இருந்த அந்தச் சின்ன சபைக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் முன்பு நிலக்காரர் வீடுகளில் கூலி வேலை செய்த தெலுங்கு பேசும் குடும்பங்கள். கல் சுமந்து, மண் குழைத்து, அவர்களே கட்டிய கோயில். இப்போது பெரியவர்கள் தோட்டத்தில் ரோஜா பறிக்கப் போகிறார்கள், பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். இந்தச் சபைக்கென்று தனி ஆயர் இல்லை. டவுன் சர்ச் ஆயர் மாதத்தில் ஒரு ஞாயிறு காரில் வந்து, தன் கையால் அப்பமும் ரசமும் எடுத்துத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தச் சபை, உங்களை விட்டுப் பிரிந்து போகிறோம் என்று எங்களுக்கு மனு கொடுத்தது. தெலுங்குப் பாட்டைக் குறைத்துவிட்டார்கள், ஆராதனை நேரத்தை மாற்றிவிட்டார்கள், டவுன் சர்ச்சோடு எங்களைச் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்று மூன்று காரணம். கர்நாடக எல்லையை ஒட்டி ஷீட் போட்ட ஹால் வைத்திருந்த ஒரு தனிச் சபைக்காரர் இவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார். மனுவில் முதல் கைரேகை மார்த்தம்மாவுடையது. அறுபதைத் தொட்டவர், பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, கோயில் சாவி அவரிடம்தான் இருக்கும். என்னை அவர் ‘ஏமய்யா செக்ரட்டரி’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ஏமய்யாவில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

பிரிந்து போவதென்றால் சபையின் பொதுக்கூட்டம் கூட்டி ஓட்டெடுக்க வேண்டும். இரண்டு ஞாயிறு ஆராதனையில் நோட்டீஸ் வாசிக்க வேண்டும். இரண்டு ஞாயிறும் நானே போய் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மூன்றாவது ஞாயிறு கூட்டம்.

அந்த வாரம் வியாழக்கிழமை கர்நாடகத்தில் பந்த். அங்கே பந்த் என்றால் நம் பக்கம் பாதி கம்பெனிகளுக்கு ஆளும் வராது, சாமானும் வராது. அன்றைக்கு லீவு விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக வருகிற ஞாயிறு வேலைநாள் என்று வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். இது ஓசூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சனிக்கிழமை காலை என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பியது ஜான்சி, மார்த்தம்மாவின் மருமகள். ஒயரிங் செய்கிற கம்பெனியில் வேலை, லீவு ஞாயிறுகளில் சபைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவாள். அண்ணா, நாளைக்கு எங்க எல்லாருக்கும் டூட்டி, கூட்டத்தை அடுத்த வாரம் வைங்க என்று எழுதியிருந்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு போன் போட்டிருந்தால் முடிந்தது. ஆனால் எட்டாவது ஃபெயிலானவன் கையில் சபைச் சட்டப் புத்தகம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். வக்கீல் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பக்கம் புரட்டாமல் விதி எண் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கிறேன். அந்தச் சுகம் பொல்லாதது. நோட்டீஸ் இரு முறை வாசிக்கப்பட்டுவிட்டது, விதிப்படி தேதியை மாற்ற இயலாது என்று பதில் அனுப்பினேன். இயலாது என்ற வார்த்தையை ரசித்துப் போட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

கூட்டம் சுருக்கமாக முடிந்தது. எங்கள் வட்டாரத் தலைவர் அன்று கிருஷ்ணகிரியில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்ததால் டவுன் ஆயரே தலைமை தாங்கினார். நாற்பது பேர் இருந்தார்கள். முப்பத்தொரு பேர் பிரிந்து போக எழுந்து நின்றார்கள், ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பு எழுதி, வாசித்து, கையெழுத்து வாங்கினேன். சத்தம் இல்லை, நாற்காலி பறக்கவில்லை. இவ்வளவு ஒழுங்கான கூட்டம் இந்த வருஷத்தில் இதுதான் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

திரும்பும்போது மொபெட் பஞ்சர். ரோட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் ஒட்டக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்றேகால் மணிக்கு முதல் ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. நீல யூனிஃபார்ம், சாம்பல் யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. நாற்பது பேருக்கு மேல் இறங்கினார்கள். எல்லோரும் என் சபைப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்கள்.

ஜான்சி நேராக என்னிடம் வந்தாள்.

“முடிஞ்சிடுச்சாண்ணா?”

முடிந்தது என்றேன். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டாள். சொன்னேன். அவள் திரும்பி இறங்கி நின்றவர்களைப் பார்த்தாள், ஏதோ தலை எண்ணுகிற மாதிரி.

“அப்ப நாங்க ஆறு மணிக்கு பஸ் ஏறும்போது எங்களுக்கு ஒரு சர்ச் இருந்துது. எறங்கும்போது இல்ல.”

பின்னாலிருந்து ஒரு பையன், அண்ணனுக்கு ஓவர்டைம் போட்டுக் குடுங்கடா, ஞாயித்துக்கிழமைல இவ்ளோ வேலை முடிச்சிருக்காரு என்றான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஜான்சி சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பிள்ளைங்கள எங்க உக்கார வெப்பேன்னு மட்டும் சொல்லுங்க என்றாள். அதற்கு என் புத்தகத்தில் விதி இல்லை.

மறுநாள் காலை வட்டாரத் தலைவர் முன் உட்கார்ந்திருந்தேன். அவரும் ஓர் ஆயர், பெண்மணி, என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் பதவிக்கு வந்தபோது நான் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றதெல்லாம் அவரிடம்தான். டவுன் ஆயரும் வந்திருந்தார். அவருக்கு ஒரே உற்சாகம். பாதிப் பேர் வேலையில் இருந்திருக்கிறார்கள், கூட்டம் செல்லாது என்று இன்றே கடிதம் அடித்துவிடலாம், சபை நம் கையை விட்டுப் போகாது என்றார். பேராய அலுவலகமும் அதையே விரும்பும் என்றார். உண்மைதான், விரும்பியது.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அண்ணா, அந்தப் பொண்ணோட மெசேஜ் எத்தனை மணிக்கு வந்துச்சு?”

“சனிக்கிழமை காலைல பத்துக்கு.”

“அப்ப முழுசா ஒரு நாள் இருந்திருக்கு.”

அவ்வளவுதான் திட்டு. பிறகு டவுன் ஆயரிடம் சொன்னார்: செல்லாது என்று கடிதம் போட்டால் கட்டடம் நம்மிடம் இருக்கும், ஜனங்கள் இருக்க மாட்டார்கள், ஜெயித்த பிறகு செல்லாது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? என் பக்கம் திரும்பி, முதலில் மார்த்தம்மாவைப் போய்ப் பாருங்கள், கையில் கடிதம் வேண்டாம், போனை மட்டும் கொண்டு போங்கள் என்றார்.

தம்பி தங்கைகளே, ஒரு தப்பைத் திருத்த உங்களுக்கு இரண்டு வழி கிடைக்கும். ஒன்று, அதையே உங்களுக்குச் சாதகமான ஆயுதமாக ஆக்கிக்கொள்வது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். இன்னொன்று, அந்தத் தப்பால் லாபம் அடைந்தவர் வீட்டுக்கே போய் ஒப்புக்கொள்வது. போகிற வழி முழுக்க மொபெட்டைத் திருப்பிவிடலாமா என்று தோன்றும். ராயக்கோட்டை ரோட்டில் எனக்கு மூன்று இடத்தில் தோன்றியது.

மார்த்தம்மா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஜான்சிக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட், உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். அக்கா, நேத்து அந்த ஓட்டு எடுத்தது தப்பு, தப்பு என்னுது என்றேன்.

“ஏமய்யா செக்ரட்டரி, நீங்க ஜெயிச்சா ஓட்டு, நாங்க ஜெயிச்சா தப்பா?”

போனை நீட்டினேன். அவருக்குப் படிக்க வராது. ஜான்சி என்று கூப்பிட்டார். அவள் களித் துடுப்பை வைத்துவிட்டு வந்து, தான் அனுப்பிய மெசேஜைத் தானே மாமியாருக்கு வாசித்துக் காட்டினாள். மார்த்தம்மா உரிப்பதை நிறுத்தினார்.

“இது நீ எழுதினதா?”

“ஆமா அத்தெ.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா எந்தப் பக்கம் நிக்கணும்னு நீங்க சொல்லுவீங்க. நானா நிக்கணும்னு இருந்துச்சு.”

செக்ரட்டரி என்ன பதில் போட்டாரு, அதையும் படி என்றார் மார்த்தம்மா. படித்தாள். இயலாது என்ற வார்த்தை அந்த வாசலில் எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று எனக்குத்தான் தெரியும். நல்லாத்தான் எழுதறீங்க என்றார் மார்த்தம்மா. பிறகு எழுந்து உள்ளே போனார். துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். தட்டோடு வந்தார். களி, காலையில் வைத்த அவரைக்காய்க் குழம்பு. லாரிக் காலத்திலிருந்து எனக்கு யார் தட்டு வைத்தாலும் உட்கார்ந்துவிடுகிற பழக்கம். உட்கார்ந்தேன்.

பாதி சாப்பிடும்போது அவர் வேறு எதையோ பேசுவது போல ஆரம்பித்தார். திருவிருந்து ஞாயிறன்று ஆயருக்கு மதியச் சாப்பாடு சபையில் ஒரு வீட்டில், முறை வைத்து. இது அந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து இருக்கிற வழக்கம். போன வருஷத்தில் மார்த்தம்மா வீட்டு முறை, முடியாத வீடுகளுக்காக இவர் ஏற்றுக்கொண்டதையும் சேர்த்து, மூன்று தடவை வந்திருக்கிறது. மூன்று தடவையும் கோழி அடித்திருக்கிறார். மூன்று தடவையும் டவுன் ஆயர், மீட்டிங் இருக்கு, உடம்பு சரியில்லை என்று வாசலோடு நின்று ஜெபம் செய்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். மற்ற வீடுகளிலும் இதே கதை. கார் ரோட்டு ஓட்டல் வாசலில் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

“அவரு கையால நாங்க வாங்கித் தின்னலாம். எங்க கையால அவரு வாங்கித் தின்னக் கூடாதா?”

இதை ஏன் மனுவில் எழுதவில்லை என்று கேட்டேன். இதெல்லாம் பேப்பர்ல எழுதற விஷயமா என்றார். தெலுங்குப் பாட்டு, ஆராதனை நேரம் எல்லாம் யாரோ மனு எழுதிக் கொடுத்தவர் சேர்த்தது. நான் அந்த மூன்று காரணத்துக்கும் வரிசை எண் போட்டு, மூன்று பக்கம் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அந்தப் பதிலில் ஒரு பிழை கிடையாது. உபயோகமும் கிடையாது.

மறு ஓட்டுக்கு அவர் சம்மதித்தார். ஆனால் கூட்டத்தைக் கூட்டுவது நீங்கள் இல்லை, நான் என்றார். எல்லாக் கம்பெனிக்கும் லீவு இருக்கிற நாளாகப் பார்த்து ஜான்சி தேதி சொல்லட்டும் என்றார். ஜான்சி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, விஜயதசமிதான் என்றாள்.

பேராய அலுவலகத்தில் ஒருவர் பதறினார். சபைப் பொதுக்கூட்டத்துக்குக் கிடைத்த நாள் இதுவா என்றார். எங்கள் தலைவர், லீவு விடறது கம்பெனிங்க, நான் இல்ல என்று போனை வைத்துவிட்டார். விதிப்படி இரண்டு ஞாயிறு நோட்டீஸ் வாசித்தோம். இந்த முறை வாசித்தது ஜான்சி.

விஜயதசமியன்று ரோடெல்லாம் உடைந்த பூசணிக்காய். வாழைக்கன்று கட்டிய பஸ்கள் வரிசையாக நின்றன. முந்தின நாள் கம்பெனி பூஜையில் கொடுத்த பொரி பாக்கெட்டைப் பிள்ளைகள் கூட்டத்திலேயே கொறித்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். இடம் போதாமல் ஜன்னலுக்கு வெளியேயும் நின்றார்கள். தலைமை வட்டாரத் தலைவர். பக்கத்தில் டவுன் ஆயர். நான் குறிப்புப் புத்தகத்தோடு.

மார்த்தம்மா முதலில் எழுந்தார். பேப்பரில் எழுத முடியாததை வாயால் சொன்னார், கூட்டாமல் குறைக்காமல். ஆயர் முகம் சிவந்தது. எனக்கு சுகர் இருக்கும்மா, கண்ட நேரத்துல சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் என்றார்.

“சுகருக்குக் களிதான் நல்லதுன்னு டாக்டருங்க சொல்றாங்க பாஸ்டர். எங்க ஊட்ல தெனமும் அதான்.”

ஜன்னலுக்கு வெளியே ஆரம்பித்த சிரிப்பு உள்ளே வந்து, எங்கள் தலைவர்வரை வந்து, அங்கே அடக்கப்பட்டது. ஆயர் தரையைப் பார்த்தார்.

பிறகு ஜான்சி எழுந்தாள். மாமியாரைப் பார்க்காமல் பேசினாள். “அத்தெ சொன்னது எல்லாம் நெஜம். நானும் அந்தக் கோழிய அரிஞ்சவதான். ஆனா பாஸ்டர் மூணு வருஷத்துல மாத்தலாகிப் போயிடுவாரு. கட்டினவங்க நாம ஏன் போவணும்?”

ஓட்டெடுத்தோம். பிரிந்து போக முப்பத்து நான்கு, இருக்க நாற்பத்தெட்டு. நான் எழுந்து அறிவித்தேன். ஒருவரும் கை தட்டவில்லை. மார்த்தம்மா தன் பாயைச் சுருட்டினார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்ப் புங்கமரத்தடியில் நின்றார்கள். உள்ளே இருந்த நாற்பத்தெட்டுப் பேரும் ஜன்னல் வழியாகத் தங்கள் அம்மாவை, அப்பாவை, மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜான்சி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த பக்கம் அவ்வளவு மோசமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டவுன் ஆயர் என் நல்ல காதுப் பக்கம் குனிந்து, தீர்மானத்தை எழுதுங்க, போறதுக்குள்ள அந்தம்மாகிட்ட சாவிய வாங்குங்க என்றார். சட்டப்படி சரியான பேச்சு. பேனாவைத் திறந்துவிட்டேன். தலைவர் என் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“முடிவு ஜெபம் இன்னும் சொல்லலண்ணா. கூட்டம் முடியல.”

சொல்லிவிட்டு எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் மரத்தடிக்குப் போனார். நானும் புத்தகத்தோடு பின்னால் போனேன். அந்த ஷீட் ஹாலுக்குத்தான் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம்மா என்றார் மார்த்தம்மா, சண்டைக்குத் தயாராக. அப்படியானால் கடிதம் இல்லாமல் போகாதீர்கள் என்றார் தலைவர்.

உங்களில் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகிறவருக்கு, இவர் எங்களிடம் நல்ல சாட்சியோடு இருந்தார் என்று ஆயர் கையெழுத்துப் போட்டு மாறுதல் கடிதம் கொடுப்போம். வேலை மாற்றலாகிப் போகிறவர்களுக்கு அதைத் தட்டாமல் கொடுப்போம். கோபித்துக்கொண்டு போகிறவர்களுக்குக் கொடுத்ததே இல்லை. அதை நிறுத்தி வைப்பதுதான் நம் கையில் இருந்த சவுக்கு. கடிதம் இல்லாதவருக்குப் பின்னாளில் திரும்பி வரவும் கஷ்டம், கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கவும் கஷ்டம். தலைவர் அந்தச் சவுக்கைப் புங்கமரத்தடியில் கீழே போட்டுவிட்டார். இப்பவே எழுதுங்கண்ணா, குடும்பத்துக்கு ஒண்ணு, எல்லாத்துலயும் நல்ல சாட்சின்னு போடுங்க, கல்லறைத் தோட்டம் ரெண்டு பேருக்கும் பொதுன்னும் ஒரு வரி சேருங்க என்றார்.

பதினெட்டுக் குடும்பம். லெட்டர்ஹெட் நான்குதான் இருந்தது. மிச்சத்துக்குக் குறிப்புப் புத்தகத்தின் கடைசித் தாள்களைக் கிழித்தேன். அந்தப் புத்தகத்தில் தாள் கிழிப்பது விதிப்படி பெரிய குற்றம். ஒவ்வொன்றையும் எழுதி, தெலுங்கில் சொல்லிக் காட்டி, முத்திரை குத்தினேன். ஆனால் ஆயர் கையெழுத்து இல்லாமல் அது வெறும் காகிதம். டவுன் ஆயர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். வந்தார். வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். மார்த்தம்மாவின் கடிதத்தில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போட்டார். அன்றைக்கு அவர் யார் வீட்டிலாவது சாப்பிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். சாப்பிடவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

மார்த்தம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். நான் கை நீட்டவில்லை. அந்த அளவுக்கு அன்றைக்குள் புத்தி வந்திருந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய் ஜான்சியிடம் கொடுத்தார். மழை நாள்ல கதவு ஊதிக்கும், கீழ ஒரு ஒதை ஒதைச்சுத் தொற என்றார். அதற்குப் பிறகுதான் தலைவர் முடிவு ஜெபம் சொன்னார், மரத்தடிக்கும் கோயிலுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி.

பேராய அலுவலகம் எங்களிடம் விளக்கம் கேட்டது. கொடுத்தோம். ஒரு வருஷத்தில் பதினெட்டில் ஏழு குடும்பம் அதே கடிதத்தோடு திரும்பி வந்தது. என் கையெழுத்தே மங்கிப் போய் என் மேசைக்கு வந்தபோது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. மார்த்தம்மா வரவில்லை. நீங்கள் இதை வெற்றி என்று எடுத்துக்கொள்வீர்களா, தோல்வி என்று எடுத்துக்கொள்வீர்களா, எனக்குத் தெரியாது. அறிக்கையில் நான் இரண்டு வார்த்தையையும் போடவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின ஞாயிறு உத்தனப்பள்ளி ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டியது ஜான்சி, பின்னால் மார்த்தம்மா, இரண்டு பேர் மடியிலும் பைபிள். ஞாயிறு தோறும் இதே ஏற்பாடு என்றாள் ஜான்சி: காலையில் மாமியாரை அந்த ஷீட் ஹாலில் இறக்கிவிட்டு இவள் கோயிலுக்குப் போய்க் கதவைத் திறப்பாள், முடிந்ததும் போய் அழைத்துக்கொண்டு வருவாள். அங்கே எல்லாம் சௌகரியமா அக்கா என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது. பிரசங்கந்தான் ரெண்டு மணி நேரம். இவ சர்ச்சு சீக்கிரம் முடிஞ்சிடுது, வந்து வெளிய நின்னுக்கினு ஹாரன் அடிக்கறா.”

“அதுக்கு அந்த பாஸ்டர் ஒண்ணும் சொல்லலியா?”

மார்த்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மருமகள் தோளைப் பிடித்தார்.

“என்ன சொல்லுவாரு? சத்தம் கேட்டவுடனே ஆமென் சொல்லிடறாரு.”